வக்கீல் நோட்டீஸ் வருவதற்கு முன்: பொதுவில் எழுதத் தொடங்குபவருக்கு

சில வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சி நிறுவனத்தில் பணம் கட்டிச் சேர்ந்தேன். பாதியில் வகுப்பு நின்றுபோனது. பணத்தைத் திருப்பிக் கேட்டேன், வரவில்லை. கோபத்தில் நடந்ததையெல்லாம் எழுதி இணையத்தில் போட்டேன். அதில் ஒரு வரி: “இது அப்பட்டமான மோசடி.” இரண்டு வாரத்தில் வக்கீல் நோட்டீஸ் வந்தது.

தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் நோட்டீஸை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் நான் எழுதியதைக் காட்டச் சொன்னார். பொறுமையாகப் படித்தார். “மோசடி” என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். “மத்த எல்லாத்துக்கும் உங்ககிட்ட ரசீது இருக்கு. இதுக்கு இருக்கா?”

இல்லை. பணம் கட்டிய நாள், வகுப்பு நின்ற நாள், நான் அனுப்பிய மின்னஞ்சல்கள், அவர்கள் பதில் தராதது என எல்லாவற்றுக்கும் சான்று இருந்தது. ஆனால் மோசடி என்றால் ஏமாற்றும் எண்ணத்தோடு செய்தது என்று பொருள். அவர்கள் மனதில் என்ன இருந்தது என்பதற்கு ரசீது யாரிடம் இருக்கும்?

அன்றிலிருந்து எதை எழுதினாலும் வெளியிடுவதற்கு முன் அந்தக் கேள்வியை ஒவ்வொரு வரியிடமும் கேட்டுப் பார்க்கிறேன். கீழே சொல்லப்போவது எல்லாம் அதன் விரிவுதான். நான் வழக்கறிஞர் இல்லை. உங்கள் மேல் உண்மையில் வழக்கு வந்தால் உங்கள் நாட்டு வழக்கறிஞரிடம் போவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த நிலைக்குப் போகாமல் இருக்கத்தான் இது.

எந்த நாட்டுச் சட்டம் என்று பாருங்கள்

“நான் என் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன், என் நாட்டுச் சட்டம்தானே எனக்கு” என்று நினைப்போம். அப்படி முடிவதில்லை. ‘பாரன்ஸ்’ என்ற அமெரிக்க வணிக இதழின் கட்டுரை ஒன்று நியூஜெர்சியில் இருந்த சர்வர்களில் ஏற்றப்பட்டது. அதில் தன்னை அவதூறு செய்துவிட்டதாக ஆஸ்திரேலியத் தொழிலதிபர் ஜோசப் குட்னிக் தன் ஊரிலேயே வழக்குப் போட்டார். அமெரிக்காவில் வெளியானதற்கு இங்கே எப்படி வழக்கு என்று பதிப்பாளர் வாதிட்டார். 2002 டிசம்பரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் குட்னிக் பக்கம் நின்றது. கட்டுரையை ஒருவர் எங்கே தரவிறக்கிப் படிக்கிறாரோ, அங்கேதான் அவதூறு நடக்கிறது என்றது.

தமிழில் எழுதுபவருக்கு இது கூடுதல் தலைவலி. ஒரே கட்டுரையை இந்தியாவிலும் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் லண்டனிலும் டொராண்டோவிலும் படிப்பார்கள். சட்டமோ இடத்துக்கு இடம் வேறு. இந்தியாவில் அவதூறு இன்றும் குற்றவியல் வழக்காகவும் வரலாம். இரண்டு ஆண்டு வரை சிறை என்பது 2023இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது. இலங்கை 2002இலேயே குற்றவியல் அவதூறை நீக்கிவிட்டது. ஆனால் 2024இல் இணையவழிப் பேச்சுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. சிங்கப்பூரில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, பொய்த் தகவல் என்று அமைச்சர் கருதினால் திருத்தம் வெளியிடச் சொல்லி உத்தரவு வரலாம்.

எல்லா நாட்டுச் சட்டத்தையும் யாராலும் படித்து முடிக்க முடியாது. மூன்றை மட்டும் பாருங்கள்: நீங்கள் வசிக்கும் நாடு, நீங்கள் யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ அவர் வசிக்கும் நாடு, உங்கள் எழுத்தைத் தாங்கும் தளம் பதிவான நாடு. இவற்றில் எது கடுமையானதோ அதை மனதில் வைத்து எழுதினால் மற்றவற்றில் பெரும்பாலும் தப்பிவிடலாம்.

வரிகளைப் பிரித்துப் போடுங்கள்

எழுதி முடித்த வரைவை அச்செடுங்கள். இரண்டு நிறப் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையா பொய்யா என்று சரிபார்க்கக்கூடிய வரியின் கீழ் ஒரு நிறம். உங்கள் அபிப்பிராயமாக மட்டும் இருக்கும் வரியின் கீழ் இன்னொன்று. “சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை” என்பது அபிப்பிராயம். “கெட்டுப்போன இறைச்சியைப் பரிமாறினார்கள்” என்பது தகவல். முதல் வரிக்காக உங்களை நீதிமன்றத்துக்கு இழுப்பது கடினம். இரண்டாவதற்குச் சான்று வேண்டும்.

பெரும்பாலான நாடுகளில் அவதூறு என்று சொல்ல சில விஷயங்கள் சேர்ந்து வர வேண்டும். சொன்னது ஒருவரின் நற்பெயரைக் கெடுப்பதாக இருக்க வேண்டும். அது யாரைக் குறிக்கிறது என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும். மூன்றாவது ஆள் ஒருவராவது அதைப் படித்திருக்க வேண்டும். சொன்னது உண்மையாக இருந்தால் அதுவே பெரிய தற்காப்பு. ஆனால் இங்கேயும் ஒரு நெளிவு இருக்கிறது. அமெரிக்காவில் சொன்னது பொய் என்பதை வழக்குப் போட்டவர் நிரூபிக்க வேண்டிய சூழல்கள் பல உண்டு. அரசியல்வாதி போன்ற பொது மனிதர் என்றால், எழுதியவர் பொய் என்று தெரிந்தே எழுதினார் அல்லது உண்மையைப் பற்றித் துளியும் கவலைப்படாமல் எழுதினார் என்றும் காட்ட வேண்டும். இது 1964இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் சம்பந்தப்பட்ட வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வகுத்தது. இங்கிலாந்தில் நிலைமை தலைகீழ்: எழுதியது உண்மை என்று எழுதியவர்தான் காட்ட வேண்டும். இந்தியக் குற்றவியல் சட்டத்தில் உண்மையாக இருப்பது மட்டும் போதாது, அதை வெளியிட்டது பொது நன்மைக்காக என்பதும் சேர வேண்டும். ஒருவரின் பழைய குடும்பச் சண்டை உண்மையாகவே நடந்திருக்கலாம். அதை ஊருக்குச் சொல்ல உங்களுக்கு என்ன அவசியம் வந்தது என்று நீதிபதி கேட்பார்.

“என் தனிப்பட்ட கருத்து” என்று முன்னால் ஒட்டிவிட்டால் தப்பிவிடலாம் என்ற நம்பிக்கை நிறையப் பேருக்கு உண்டு. “என் கருத்துப்படி அவர் திருடன்” என்பதில் கருத்து எங்கே இருக்கிறது? திருடினார் என்ற தகவலைத்தான் அது சொல்கிறது. இதையே 1990இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. உண்மையில் பாதுகாப்புத் தருவது வேறு முறை. முதலில் தகவலை வையுங்கள், அப்புறம் அதன் மேல் உங்கள் கருத்தை வையுங்கள். “மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் வரவில்லை. வாடிக்கையாளரை இவர்கள் மதிப்பதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.” வாசகர் உங்கள் தகவலைப் பார்த்து, உங்கள் கருத்தை ஏற்கவோ தள்ளவோ முடிகிறது. நேர்மையான கருத்து என்று பல நாட்டுச் சட்டங்கள் காப்பாற்றுவது இந்த வடிவத்தைத்தான்.

சில சொற்களைக் கண்டாலே நின்றுவிடுங்கள்: மோசடி, ஊழல், திருட்டு, லஞ்சம், போலி மருத்துவர், பாலியல் தொல்லை. இவை ஒவ்வொன்றும் ஒரு குற்றத்தின் பெயர். நீதிமன்றத் தீர்ப்பு இருந்தால் தீர்ப்பின் நாளோடு எழுதலாம். வழக்கு நடந்துகொண்டிருந்தால் “குற்றம் சாட்டப்பட்டுள்ளார்” என்பதோடு நிறுத்த வேண்டும். எதுவுமே இல்லையென்றால் நடந்ததை மட்டும் சொல்லுங்கள். படிப்பவருக்குப் பெயர் வைக்கத் தெரியும்.

பெயர் சொல்லாவிட்டால்?

“நான் யார் பெயரையும் சொல்லவில்லையே” என்பது அடுத்த நம்பிக்கை. ஊர், பதவி, வயது, மகன் படிக்கும் கல்லூரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் பெயரை மட்டும் மறைத்தால், அவரைத் தெரிந்த பத்துப் பேருக்கு அது யார் என்று தெரிந்துவிடும். அந்தப் பத்துப் பேர் போதும்.

இதில் எனக்குப் பிடித்த கதை பழையது. 1908இல் ஓர் ஆங்கில ஞாயிறு இதழ், பிரான்ஸின் தியெப் நகரில் நடந்த மோட்டார் விழா பற்றி நகைச்சுவையாக எழுதியது. அங்கே மனைவி அல்லாத பெண்ணோடு சுற்றும் ஒரு தேவாலய நிர்வாகி வருகிறார். அவருக்கு வேண்டுமென்றே யாருக்கும் இருக்காத பெயராகத் தேடி ‘ஆர்டிமஸ் ஜோன்ஸ்’ என்று வைத்தார்கள். அந்தப் பெயரில் ஒரு வழக்கறிஞர் இருந்தார்! போதாதற்கு அவர் முன்பு அதே இதழுக்கு எழுதியவர் வேறு. அவருடைய நண்பர்கள் சாட்சிக் கூண்டில் ஏறி, படித்தபோது இவரைத்தான் நினைத்தோம் என்றார்கள். அவருக்கு 1,750 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. மேல்முறையீட்டிலும் இதழ் தோற்றது. ஆகவே கற்பனைப் பாத்திரம் என்றாலும் வித்தியாசமான பெயர் வைத்தால், அந்தப் பெயரில் அதே தொழிலில் யாராவது இருக்கிறாரா என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

கேள்வியாகக் கேட்டாலும் மாட்டலாம். 2012 நவம்பரில் பிரிட்டனின் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, பெயர் குறிப்பிடாமல் ஓர் அரசியல் பிரமுகர் மேல் கொடிய குற்றச்சாட்டு ஒன்றை ஒளிபரப்பியது. அது மெக்அல்பைன் பிரபு என்று இணையத்தில் ஊகம் பரவியது. அவருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த நேரத்தில் நாடாளுமன்ற அவைத்தலைவரின் மனைவி சாலி பெர்கோவ் ட்விட்டரில், மெக்அல்பைன் பிரபுவின் பெயர் ஏன் ட்ரெண்டாகிறது என்று ஒரு கேள்வி கேட்டு, பக்கத்தில் ‘அப்பாவி முகம்’ என்று குறிப்பும் போட்டார். அவ்வளவுதான். 2013இல் நீதிமன்றம் அது அவதூறு என்றது. அப்பாவி முகம்தான் காட்டிக்கொடுத்தது.

இதே கணக்கில் “என்று சொல்கிறார்கள்”, “எனக்கு வந்த தகவல்” என்பதும் உதவாது. பிறர் சொன்ன அவதூறைத் திருப்பிச் சொன்னவர், தானே சொன்னவர் ஆகிவிடுவார் என்பது பழைய விதி. வாட்ஸ்அப்பில் வந்ததை வெட்டி ஒட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சான்றுகளை அன்றே சேர்த்து வையுங்கள்

ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு கோப்புறை. அதில் ஆவணம், ரசீது, மின்னஞ்சல், ஸ்கிரீன்ஷாட், யாரிடம் எப்போது பேசினீர்கள் என்ற குறிப்பு, எல்லாம் நாளோடு இருக்கட்டும். நீங்கள் ஆதாரமாகக் காட்டும் பக்கம் நாளை மறைந்துபோகலாம். எனவே இன்டர்நெட் ஆர்க்கைவின் ‘வேபேக் மெஷின்’ பக்கத்தில் அதைச் சேமித்து, அந்த முகவரியையும் எழுதி வையுங்கள். யாரையாவது குற்றம் சொல்லப் போகிறீர்கள் என்றால், வெளியிடும் முன் அவருடைய பதிலைக் கேளுங்கள். கேட்டதும் அவர் மறுத்ததும் பதில் தராததும்கூட உங்கள் கோப்புறையில் ஒரு தாள்தான். வழக்கு என்று வந்தால், நீங்கள் பொறுப்போடு நடந்தீர்கள் என்று காட்டுவதற்கு அதைவிட நல்ல தாள் இல்லை. பல சமயம் அந்தப் பதிலிலேயே நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டது தெரிந்துவிடும்.

அடுத்தவர் எழுத்து, அடுத்தவர் படம்

அவதூறு வழக்கு எல்லோருக்கும் வராது. பதிப்புரிமைப் புகார் யாருக்கும் வரலாம், அதுவும் ஒரு படத்துக்காக.

அடிப்படை இதுதான்: 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் இன்று உலகின் பெரும்பாலான நாடுகள் இருக்கின்றன. அதன்படி ஒருவர் எழுதிய, எடுத்த, வரைந்த கணத்திலேயே உரிமை அவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்யத் தேவையில்லை. வட்டத்துக்குள் ‘சி’ போடத் தேவையில்லை. ஆகவே “எங்கும் பதிப்புரிமை என்று போடவில்லை, அதனால் எடுத்தேன்” என்பது செல்லாது. “கூகுளில் கிடைத்தது” என்பதும் அதே கதை. கூகுள் காட்டுகிற இடம் மட்டுமே, கொடுக்கிற இடம் இல்லை. “நன்றி: இணையம்” என்று போடுவதைப் பற்றி நான் என்ன சொல்ல! திருடியதைத் தெருவிலிருந்து எடுத்தேன் என்று எழுதிக் கொடுப்பது போல அது.

தகவலுக்கு உரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உரிமை. 1991இல் ஒரு தொலைபேசி விவரப் புத்தகத்தைப் பற்றிய வழக்கில், பெயரும் எண்ணும் வெறும் தகவல், அகர வரிசையில் அடுக்கியதற்காகப் பதிப்புரிமை கிடைக்காது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே ஒரு கட்டுரையில் படித்த விவரத்தை உங்கள் சொல்லில், உங்கள் வரிசையில் எழுதலாம். சொல்லுக்குச் சொல் மாற்றி அதே வாக்கிய வரிசையில் எழுதுவது உங்கள் எழுத்து ஆகாது. மொழிபெயர்ப்பும் அப்படித்தான்: இன்னொரு மொழியில் இருப்பதைத் தமிழில் கொண்டுவர மூல ஆசிரியரின் அனுமதி வேண்டும். நல்ல எண்ணத்தில் உலகச் சிறுகதைகளைத் தமிழாக்கி ஏற்றும் பலருக்கு இது தெரிவதில்லை.

மேற்கோள் காட்டலாமா என்றால், தாராளமாக. நியாயமான அளவில், எழுதியவர் பெயரும் மூலமும் சொல்லி மேற்கோள் காட்டுவதைப் பெர்ன் உடன்படிக்கையே அனுமதிக்கிறது. எவ்வளவு என்பதில்தான் சிக்கல். இத்தனை சொல் வரை பரவாயில்லை என்று ஓர் எண்ணைப் பலரும் சொல்வார்கள். அப்படி ஓர் எண்ணைப் பொது விதியாக எங்கும் பார்க்க முடியாது. அமெரிக்க அதிபராக இருந்த ஜெரால்ட் ஃபோர்டின் நினைவுக்குறிப்புகள் வெளிவருவதற்கு முன், ஓர் இதழ் அதிலிருந்து ஏறத்தாழ 300 சொற்களை எடுத்துப் போட்டது. பெரிய புத்தகத்தில் அது துளிதான். ஆனால் தனக்கு முன் அதிபராக இருந்த நிக்சனுக்கு ஏன் மன்னிப்பு வழங்கினார் என்கிற உயிரான பகுதி அதில் இருந்தது. 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை நியாயமான பயன்பாடு, அதாவது அனுமதியில்லாமலே எடுத்துக்கொள்ளச் சட்டம் விடும் அளவு, என்று ஏற்கவில்லை. அதனால் எண்ணுவதை விட்டுவிட்டு இப்படிக் கேட்டுப் பாருங்கள்: நான் எடுத்ததைப் படித்தவர் மூலத்தை வாங்கத் தேவையில்லாமல் போய்விடுமா? எடுத்ததைப் பற்றி நான் ஏதாவது பேசுகிறேனா, இல்லை வெறுமனே அலங்காரத்துக்கு வைத்திருக்கிறேனா? கவிதையும் பாடலும் இதில் ஆபத்தானவை. எட்டு வரிப் பாடலில் நான்கு வரி எடுத்தால் பாதி எடுத்தாயிற்று.

பழைய ஆக்கம் என்றால் ஆசிரியர் இறந்த ஆண்டைப் பாருங்கள். பெர்ன் உடன்படிக்கை சொல்லும் குறைந்தபட்சம் இறந்து 50 ஆண்டு. இந்தியாவில் 60. பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம், சிங்கப்பூர் ஆகிய இடங்களில் 70. ஆசிரியர் மறைந்து 70 ஆண்டு தாண்டிவிட்டால் பெரும்பாலும் கவலையில்லை. ஆனால் அதற்கு அண்மையில் யாரோ எழுதிய உரையும் முன்னுரையும் மொழிபெயர்ப்பும் தனி உரிமை கொண்டவை.

படத்துக்கு மூன்று வழி இருக்கிறது. நீங்களே எடுங்கள், உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், அல்லது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ளதைப் பயன்படுத்துங்கள். மூன்றாவதில் உரிமத்தின் பெயரைப் படிக்க வேண்டும். ‘பிஒய்’ என்றால் எடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். ‘என்சி’ என்றால் வணிகத்துக்கு ஆகாது; உங்கள் பக்கத்தில் விளம்பர வருமானம் வந்தால் அந்தப் படத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது. ‘என்டி’ என்றால் மாற்றம் செய்து வெளியிடக் கூடாது. ‘எஸ்ஏ’ என்றால் நீங்கள் மாற்றியதையும் அதே உரிமத்தில் தர வேண்டும். படத்தின் தலைப்பு, எடுத்தவர், கிடைத்த இடம், உரிமம் என நான்கையும் படத்தின் கீழேயே போடுங்கள். மறந்துவிட்டாலும் ஒரு சலுகை உண்டு: நான்காம் பதிப்பு உரிமங்களில், தவறு தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் இழந்த உரிமை தானாகத் திரும்பிவிடும்.

இன்னொன்று, பலர் குழப்பிக்கொள்வது. படத்தின் உரிமை பொதுவாக எடுத்தவருக்கு, படத்தில் இருப்பவருக்கு அல்ல. உங்களை ஒருவர் எடுத்த படத்தையே நீங்கள் அவர் அனுமதியில்லாமல் போட முடியாமல் போகலாம். அதே சமயம், எடுத்தவர் அனுமதித்தாலும் படத்தில் இருப்பவரின் அந்தரங்க உரிமை தனியாக நிற்கிறது.

சந்தேகமாக இருந்தால் நகலெடுக்காமல் இணைப்பு மட்டும் கொடுங்கள். எல்லோருக்கும் திறந்திருக்கும் பக்கத்துக்கு இணைப்புத் தருவதற்கு அனுமதி தேவையில்லை என்று 2014இல் ஐரோப்பிய நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

பிறரின் வாழ்க்கை

உண்மையாகவே இருந்தாலும் எழுதக் கூடாத சில உண்டு. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இந்தியாவிலும் பிரிட்டனிலும் தனியே குற்றம். பெயர் மட்டுமல்ல, அவரைக் கண்டுபிடிக்க உதவும் எதுவும். வழக்கில் உள்ள சிறுவர்களின் பெயரும் படமும் பல நாடுகளில் அப்படியே. இரக்கப்பட்டு எழுதுபவர்கள்தான் இதில் அதிகம் தவறுவார்கள் என்பது என் எண்ணம்.

ஸ்வீடனில் தேவாலயத் தொண்டர் ஒருவர் தன் சொந்த இணையப் பக்கத்தில் சக தொண்டர்களைப் பற்றிக் கலகலப்பாக எழுதினார். அவர்களின் பெயர், சிலரின் தொலைபேசி எண், ஒருவருக்குக் காலில் அடிபட்டு விடுப்பில் இருப்பது எல்லாம் அதில் வந்தன. எந்த வன்மமும் இல்லை. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2003இல் அது தனிநபர் தரவைக் கையாள்வதுதான், இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டதால் வீட்டுக்குள் பேசிய பேச்சு என்று விலக்குக் கேட்க முடியாது என்று முடிந்தது. 2018 முதல் நடப்பில் உள்ள ஜிடிபிஆர் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் தரவு விதிகள் இன்னும் இறுக்கமானவை. நண்பரின் நோய், மணமுறிவு, சம்பளம் இவற்றை எழுதும் முன் அவரிடம் கேட்டுவிடுங்கள். குடும்பக் கதை எழுதுபவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். அதே குடும்பத்தில் சொத்துத் தகராறு வந்த பிறகு சிரிக்க மாட்டார்கள்.

நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கு பற்றி எழுதினால், அங்கே நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். இன்னார்தான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதினால் நீதிமன்ற அவமதிப்பாகலாம். பிரிட்டனில் கைது நடந்த நிமிடத்திலிருந்தே இது பொருந்தும்.

காசோ பரிசோ இலவசப் பொருளோ வாங்கி எதையாவது பாராட்டினால், அதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அமெரிக்கா, பிரிட்டன், இந்தியா என எங்கும் இதற்கு விதி இருக்கிறது. கடைசி வரியில் பொடி எழுத்தில் போடுவது கணக்கில் வராது.

புனைபெயர் விஷயத்திலும் ஒரு வார்த்தை. அது பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து மறைக்கும், நீதிமன்றத்திடமிருந்து மறைக்காது. நீதிமன்றம் உத்தரவிட்டால் தளம் உங்கள் மின்னஞ்சலையும் ஐபி முகவரியையும் கொடுத்துவிடக்கூடும். சொந்தப் பெயரில் எழுதத் துணியாததைப் புனைபெயரில் எழுதாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நோட்டீஸ் வந்தால்

முதலில் ஒன்றும் செய்யாதீர்கள். உண்மையாகத்தான். கோபத்தில் பதில் எழுதாதீர்கள், தொலைபேசியில் சமாதானம் பேசாதீர்கள், நோட்டீஸைப் படம் எடுத்துப் போட்டுக் கிண்டல் செய்யாதீர்கள். கட்டுரையை அவசரமாக அழிக்கவும் வேண்டாம். முதலில் கட்டுரை இப்போது இருக்கும் நிலையை நாளும் நேரமும் தெரியும்படி சேமியுங்கள். நோட்டீஸ் வந்த உறையைக்கூட எடுத்து வையுங்கள்.

அப்புறம் நிதானமாகப் படியுங்கள். வக்கீல் நோட்டீஸ் என்பது ஒரு கடிதம். நீதிமன்றச் சம்மன் அல்ல. சம்மன் என்றால் அன்றே வழக்கறிஞரைப் பாருங்கள், அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வரலாம். நோட்டீஸ் என்றால் எந்த வரியைக் குறை சொல்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், எத்தனை நாள் கெடு என்று மூன்றையும் தாளில் எழுதுங்கள். எந்த வரி என்றே சொல்லாமல் மொத்தக் கட்டுரையையும் நீக்கு என்று மிரட்டினால், எந்த வரி தவறு என்று கேட்டே பதில் எழுதலாம். உங்கள் கட்டுரை வந்த நாளையும் பாருங்கள். அவதூறுக்கான உரிமையியல் வழக்குக்கு இந்தியாவிலும் இங்கிலாந்திலும் ஓராண்டுதான் காலவரையறை.

அவர்கள் சொல்வது சரியென்றால் திருத்துங்கள். ஓசைப்படாமல் மாற்றாமல், “இன்ன நாளில் இந்த வரி திருத்தப்பட்டது” என்று கீழே குறிப்புப் போடுங்கள். திருத்தம் தேவையென்றால் சட்டென்று செய்வது சேதத்தைக் குறைக்கும். மன்னிப்புக் கேட்கும் வாசகத்தை மட்டும் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள், அது ஒப்புதல் வாக்குமூலமாகத் திரும்பி வரக்கூடும்.

பதிப்புரிமைப் புகார் என்றால் பெரும்பாலும் உங்களுக்கு வராமல் நேராகத் தளத்துக்குப் போகும். அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற இணையப் பதிப்புரிமைச் சட்டப்படி தளம் முதலில் நீக்கிவிடும். நீங்கள் சரியாகத்தான் பயன்படுத்தினீர்கள் என்றால் எதிர் அறிவிப்பு அனுப்பலாம். புகார் செய்தவர் வழக்குத் தொடராவிட்டால் 10 முதல் 14 வேலை நாளுக்குள் உங்கள் ஆக்கம் திரும்ப வர வேண்டும். ஆனால் எதிர் அறிவிப்பில் உண்மைப் பெயரும் முகவரியும் தர வேண்டும், பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழியும் உண்டு. கூகுளில் எடுத்த படத்துக்காக இந்தத் துணிச்சல் வேண்டாம்.

எல்லாம் சரியாக எழுதியும், உங்களைக் களைக்க வைப்பதற்காகவே சிலர் வழக்குப் போடுவார்கள். ஜெயிப்பது அவர்கள் நோக்கமே இல்லை, செலவும் வாய்தாவும்தான் நோக்கம். இதற்கு ஆங்கிலச் சுருக்கத்தில் ‘ஸ்லாப்’ என்று பெயர். கலிஃபோர்னியா 1992இலும் கனடாவின் ஒன்டாரியோ 2015இலும் இத்தகைய வழக்குகளைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட வழி செய்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஓர் ஆணை கொண்டுவந்தது. உங்கள் நாட்டில் இப்படி ஏதும் உண்டா என்று வழக்கறிஞரிடம் கேட்கும் முதல் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வந்த நோட்டீஸுக்கு வழக்கறிஞர் ஒரு பக்கத்தில் பதில் எழுதினார். கட்டுரையில் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, பணம் கட்டிய நாள், வகுப்பு நின்ற நாள், நான் மின்னஞ்சல் அனுப்பிய நான்கு நாட்கள் ஆகியவற்றை வரிசையாகப் போடச் சொன்னார். போட்டேன். அதன் பின் அவர்களிடமிருந்து கடிதம் வரவில்லை. பணமும் வரவில்லை. கட்டுரை மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது, கீழே திருத்தக் குறிப்போடு.